‘கறுப்பா போகுது’

வார்டில் குடல் ரத்தக்கசிவை முதலில் கண்டுபிடிப்பவர் பல நேரம் டாக்டர் இல்லை, பெட்பேன் எடுக்கும் ஆயாம்மா. “கறுப்பா போகுது சிஸ்டர், நாத்தம் தாங்கல” என்று அவர் சொன்னால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையிலும் மலம் கறுக்கும். ஆனால் தார்போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. ஹீமோகுளோபினை நம்பிக் காத்திருக்க முடியாது, முதல் சில மணி நேரம் அது பழைய அளவிலேயே நிற்கும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரலால் சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பும் ஏறாமல் ஏமாற்றும். கசிவுக்குக் காரணமாகக்கூடிய, ஆற்காடு சாலை மருந்துக்கடையில் முழங்கால் வலிக்கென்று வாங்கிய டைக்ளோஃபினாக்கை யாரும் ‘மருந்து’ என்று கணக்கில் சொல்வதில்லை. பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

வேறு நோய்க்காகப் படுத்திருப்பவருக்குக் கசிந்தால் ஆபத்து அதிகம். பிரிட்டனில் 2007இல் எடுத்த கணக்கில், கசிவோடு வந்து சேர்ந்தவர்களில் 7 சதவீதம் பேர் இறந்தார்கள். ஏற்கெனவே வார்டில் இருந்தவர்களில் 26 சதவீதம்.

சினிமா தயாரிப்பாளர் நாகிரெட்டி சென்னை வடபழனியில் விஜயா மருத்துவமனையைத் தொடங்கிய 1972இல், உலகில் எங்குமே இந்தக் கசிவுக்குப் பெரிய வைத்தியம் இல்லை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின்கூட 1976இல்தான் விற்பனைக்கு வந்தது. மூக்குக்குழாய் வழியே குளிர்ந்த சலைன், பாட்டில் பாட்டிலாக ரத்தம், கடைசியில் ஆபரேஷன். அன்றைக்கு அது சரி. ஆனால் “இவ்ளோ ரத்தம் போயிருக்கு, ஏத்த மாட்டேங்கறாங்களே” என்ற உறவினர் கோபத்துக்கு இன்றும் பணிந்துவிடுகிறோம். பார்சிலோனாவில் 921 பேரிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வில், ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றியவர்களில் 95 சதவீதம் பேர் பிழைத்தார்கள். 9க்கே ஏற்றியவர்களில் 91. கொட்டுகொட்டென்று கொட்டுபவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அங்கே எண் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்தது, ரத்த உறைவு கரையாமல் காக்கும் ட்ரனெக்சமிக் ஆசிட் ஊசி. மலிவு, போட்டால் ஏதோ செய்தோம் என்ற நிம்மதி. 2020இல் வந்த ஹால்ட்-இட் ஆய்வு 15 நாடுகளில் 12,009 பேரைப் பார்த்தது. கசிவால் இறந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ 4 சதவீதம். நாளத்தில் ரத்தம் உறைந்தது மட்டும் 0.4இலிருந்து 0.8 ஆனது. இந்த ஊசியை விட்டுவிடலாம் என்பேன், தயக்கமில்லாமல்.

எண்டோஸ்கோப்பி? நள்ளிரவில் பறக்க வேண்டியதில்லை. ஹாங்காங்கில் ஆபத்து அதிகமுள்ள 516 பேரில், 6 மணி நேரத்துக்குள் செய்ததால் சாவு குறையவில்லை. ரத்த அழுத்தத்தை நிமிர்த்திவிட்டு 24 மணி நேரத்துக்குள் செய்தால் போதும். குடியால் கல்லீரல் சுருங்கியவர் கதை வேறு: டெர்லிபிரசின், ஆன்டிபயாட்டிக் உடனே, 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி.

எனக்குப் பெரிதாகப் படுவது ஆஸ்பிரின்தான். ஸ்டென்ட் வைத்தவருக்குக் கசிந்ததும் அதை நிறுத்துவோம். மறுபடி தொடங்க மறப்போம். 2010இல் வெளியான இன்னொரு ஹாங்காங் ஆய்வில் 156 பேர். ஆஸ்பிரினைத் தொடர்ந்தவர்களுக்கு மறுகசிவு கூடியது, 5.4க்கு 10.3 சதவீதம். ஆனால் எட்டு வாரத்தில் இறந்தவர்கள் 1.3 சதவீதம்; நிறுத்தியவர்களில் 12.9. டிஸ்சார்ஜ் சீட்டில் ஆஸ்பிரின் என்றைக்கு மறுபடி என்று தேதி எழுதாத சிகிச்சையை, புண் எவ்வளவு அழகாக ஆறியிருந்தாலும், முடிந்துவிட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.