கோல்ஃப் மட்டைச் சோதனைகள்: எதை அளக்கிறார்கள்?

கோல்ஃப் பத்திரிகைகள் பலவற்றில் ஆண்டுதோறும் ஒரு பகுதி வெளியாகிறது. விற்பனைக்கு வந்துள்ள 'அயர்ன்' மட்டைத் தொகுதிகளை வரிசையாக வைத்து, ஆட்டக்காரர்கள் சிலரை அடிக்கச் செய்து, எந்தத் தொகுதியின் 7-ஆம் எண் மட்டை பந்தை எவ்வளவு தூரம் அனுப்பியது என்று அட்டவணை போடுகிறார்கள். ரேடார் கருவி உண்டு. தசமத் தானம் வரை அளவீடு உண்டு. வண்ண வரைபடங்களும் உண்டு. பார்த்தால் ஆய்வுக்கூட அறிக்கை போலவே தோன்றும். ஆனால் பட்டப்படிப்பு முதலாண்டு மாணவர் ஒருவர் இதைத் தம் செய்முறைப் பதிவேட்டில் எழுதிக் கொண்டுவந்தால் நான் கையெழுத்திட மாட்டேன்.

கோல்ஃப் நம்மில் பெரும்பாலோர் ஆடும் ஆட்டமன்று. உதகையிலோ கொடைக்கானலிலோ வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பீர்கள். ஆகவே முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அவற்றில் ஏழெட்டு, எஃகுத் தலை கொண்ட அயர்ன்கள். இவற்றுக்கு 4, 5, 6 என்று 9 வரை எண்கள் உண்டு. 9-க்குப் பின் 'பிட்சிங் வெட்ஜ்' வரும். எண் கூடக் கூடத் தண்டு குட்டையாகும். மட்டை முகப்பு பின்புறமாக அதிகம் சாயும். இந்தச் சாய்வுக்கு 'லாஃப்ட்' என்று பெயர். சாய்வு கூடினால் பந்து உயரே எழும்பிக் குறைந்த தூரத்தில் விழும். பேர்பெற்ற நிறுவனம் ஒன்றின் புதுத் தொகுதியை வாங்க நம் நாட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் ஆகலாம். எனவே சோதனை சரியா தவறா என்பது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

இப்போது ஒன்று கேட்கிறேன். ஒரு மட்டையின் 7-க்கும் இன்னொரு மட்டையின் 7-க்கும் சாய்வு ஒன்றுதானா? கிலோகிராமுக்கும் மீட்டருக்கும் இருப்பதுபோல் இந்த 7-க்குத் திட்டஅளவு ஏதும் உண்டா? இல்லை. விதிப்புத்தகம் இதைப்பற்றிப் பேசுவதே இல்லை. உற்பத்தியாளர் எதை 7 என்று பொறிக்கிறாரோ அதுதான் 7.

ஒரே நிறுவனத்தின் இரண்டு தொகுதிகளைப் பாருங்கள். டைட்லிஸ்ட் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட '620 எம்பி' தொகுதியில் 7-ஆம் எண் மட்டையின் சாய்வு 35 பாகை. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட 'டி400' தொகுதியில் 7-ஆம் எண்ணின் சாய்வு 26 பாகை. முன்னதில் 5-ஆம் எண் மட்டைக்கே 27 பாகை! ஆக, ஒன்றின் 7 மற்றொன்றின் 5-ஐவிட நிமிர்ந்தது. இவ்விரண்டு 7-களையும் அருகருகே வைத்து 'இது அதிக தூரம் செல்கிறது' என்று எழுதினால், அது அறிந்து சொல்லும் செய்தியா? ஒரு கடையின் 7-ஆம் எண் செருப்பு மற்றொரு கடையின் 7-ஐவிடப் பெரிது என்று சொல்வதைப் போன்றதுதான்.

இந்தச் சாய்வு வேறுபாடு எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதைத் தாளிலேயே கணக்கிட்டுவிடலாம். மட்டைத் தலையின் நிறையை 270 கிராம் என்று கொள்வோம். பந்தின் நிறை விதிப்படி 45.93 கிராமுக்கு மிகக் கூடாது. கெட்டியான எஃகு முகப்பில் மீட்சிக் குணகம் 0.78 அளவில் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். உந்த அழிவின்மை விதியைப் பயன்படுத்தினால், நேருக்கு நேர் மோதலில் பந்தின் வேகம் தலையின் வேகத்தைப்போல் 1.52 மடங்கு வரும். முகப்பு சாய்ந்திருப்பதால் இதைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். 35 பாகைக்கு 1.25 மடங்கு கிடைக்கிறது. 26 பாகைக்கு 1.37 மடங்கு. அதாவது சாய்வைக் குறைத்த ஒரே காரணத்தால் பந்தின் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடிவிட்டது. அடிக்கும்போது கைப்பிடி முன்சாய்வது, தலை கீழ்நோக்கி வருவது போன்றவற்றை இங்கே விட்டுவிட்டேன். அவற்றைச் சேர்த்தாலும் படம் பெரிதாக மாறாது.

விளம்பரங்கள் பெருமையாகச் சொல்லும் மெல்லிய முகப்பின் பங்கு எவ்வளவு? முகப்பு வில்போல் வளைந்து மீள்வதை ஆட்ட விதி கட்டுப்படுத்துகிறது. அனுமதிக்கப்படும் உச்சம் மீட்சிக் குணகக் கணக்கில் ஏறத்தாழ 0.83. 0.78-ஐ 0.83 ஆக்கினால் வேகம் 2.8 சதவீதம் கூடும். அதற்குமேல் வழியில்லை. ஆக, சாய்வு தந்தது 10; நவீன உலோகவியல் தரக்கூடியது மிஞ்சிப் போனால் 3. அட்டவணையில் இரண்டும் ஒரே தொகையாக நிற்கின்றன. பாராட்டு முழுவதும் உலோகவியலுக்குப் போகிறது.

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. புதிய மட்டைகளில் தலையின் ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அதனால் பந்து இயல்பாகவே உயரே கிளம்புகிறது. சாய்வைக் குறைக்காவிட்டால் தேவைக்கு மேல் எழும்பிவிடும் என்கிறார்கள். இது உண்மைதான். ஆனால் இது 26 பாகை மட்டையை நல்ல 26 பாகை மட்டை என்று காட்டும் வாதமே தவிர, அதை 35 பாகை மட்டையுடன் பந்தயத்தில் விடுவதற்கான வாதமன்று. மேலும், மேலே உள்ள மட்டைகள் நிமிர நிமிர, பிட்சிங் வெட்ஜும் நிமிர்ந்துவிடுகிறது. டி400-இல் அது 38 பாகை. மணற்குழியிலிருந்து பந்தை எடுக்கும் 55 பாகை மட்டைக்கும் இதற்கும் நடுவே பெரிய பள்ளம் விழுகிறது. அதை அடைக்க இன்னும் இரண்டு மட்டைகள் வாங்க வேண்டும். அவற்றை விற்பவரும் அதே கடைக்காரர்தான்!

அட்டவணைகளில் அடுத்து வருவது 'மன்னிக்கும் குணம்'. பந்து முகப்பின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் அதிகம் கெடாது என்பது இதன் பொருள். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய கார்ஸ்டன் சோல்ஹைம், 1960-களில் மட்டைத் தலையின் எடையை நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்தி 'பிங்' மட்டைகளைச் செய்தார். நிலைமத் திருப்புத்திறனைக் கூட்டும் இந்த உத்தி மாணவர்களுக்குப் பறக்கும் சக்கரத்தை நினைவூட்டும். நல்ல இயற்பியல், மறுப்பில்லை. ஆனால் அளவு என்ன? பந்து நடுவிலிருந்து 1.5 சென்டிமீட்டர் தள்ளிப் படுவதாகக் கொள்வோம். திருப்புத்திறன் 2000 கிராம்-சதுர சென்டிமீட்டர் உள்ள தலையில் பந்தின் வேகம் 4.2 சதவீதம் குறைகிறது. 2700 உள்ள தலையில் 3.2 சதவீதம் குறைகிறது. வேறுபாடு 1 சதவீதம். தலை திரும்புவதால் திசை கெடுவதும் இதே விகிதத்தில் குறையும். உதவி உண்டு, ஆனால் சிறிய உதவி. 'மன்னிப்பு' என்ற பெரிய சொல்லுக்கு இது தாங்குமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

'தொடு உணர்ச்சி' என்ற பத்திக்கு மதிப்பெண் போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அடித்துருவாக்கிய மென்னெஃகு பந்தை மெத்தென்று தழுவுகிறதாம். வார்த்த எஃகு தழுவுவதில்லையாம். பந்து முகப்பைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் சுமார் 2000-இல் ஒரு பங்கு. அந்த நேரத்தில் நசுங்குவது பந்து, எஃகு அன்று. கையிலிருந்து நரம்புச் செய்தி மூளையை எட்டச் சுமார் 20 மில்லி வினாடி ஆகும். பந்தின் வேகம் வினாடிக்கு 50 மீட்டர் என்றால், நீங்கள் எதையும் உணருமுன் அது ஒரு மீட்டர் போய்விட்டது. கைக்கு வருவது தண்டின் அதிர்வு. காதுக்கு வருவது ஓசை. இரண்டும் இனிமையாக இருப்பதில் தவறில்லை. ஆனால் நிறுவனத்தின் பெயரை ஒட்டுத்தாளால் மறைத்து, காதில் பஞ்சு வைத்து மதிப்பெண் போடச் சொன்ன அட்டவணை எதையும் இதுவரை நான் பார்த்ததில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு மட்டைக்கு ஐந்து அடி என்று வைத்துக்கொள்வோம். சுமாரான ஆட்டக்காரரின் அடிகள் தூரத்தில் 8 மீட்டர் திட்டவிலக்கத்துடன் சிதறுவதாகக் கொண்டால், ஐந்து அடிகளின் சராசரியில் உள்ள பிழை 8-ஐ 5-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது, அதாவது 3.6 மீட்டர். இரு சராசரிகளின் வேறுபாட்டில் அது 5 மீட்டராகிறது. ஆகவே 3 மீட்டர், 4 மீட்டர் வேறுபாட்டுக்குத் தரவரிசை கொடுப்பது காசைச் சுண்டிப் பட்டம் சூட்டுவதற்குச் சமம். போதாக்குறைக்குக் 'கெட்ட அடிகளை' நீக்கிவிட்டுச் சராசரி எடுக்கும் வழக்கமும் சில சோதனைகளில் உண்டு. கெட்ட அடியில் மட்டை எப்படி நடந்துகொள்கிறது என்று அறியத்தானே சோதனை?

மனிதச் சிதறலைத் தவிர்க்க இயந்திரத்தைக் கொண்டு அடிக்கலாமே என்பீர்கள். பைரன் நெல்சன் என்ற அமெரிக்க வீரரின் வீச்சை முன்மாதிரியாக வைத்து 1960-களில் 'அயர்ன் பைரன்' என்ற இயந்திரத்தை அமைத்தார்கள். பந்துகளை ஒப்பிட அது அருமையான கருவி. ஆனால் மட்டையின் எடையும் நீளமும் மாறும்போது மனிதன் தன் வீச்சையும் மாற்றிக்கொள்கிறான், இயந்திரம் மாற்றிக்கொள்ளாது. எனவே அது விடை தருவது வேறொரு கேள்விக்கு.

இவ்வளவு குறை சொல்லும்போது நல்ல சோதனைக்கு ஓர் எடுத்துக்காட்டும் காட்ட வேண்டுமல்லவா? அலஸ்டேர் காக்ரன் என்ற இயற்பியலாளரும் ஜான் ஸ்டாப்ஸும் 1968-இல் வெளியிட்ட 'தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்' என்ற நூலைச் சொல்வேன். பிரிட்டனில் அறிவியலாளர் குழு ஒன்று நடத்திய ஆய்வுகளின் தொகுப்பு அது. மோதும் கணத்தில் தண்டும் கைகளும் தலைக்கு உதவுகின்றனவா என்று அறிய, தலைக்குச் சற்று மேலே தண்டில் ஒரு கீல் வைத்த மட்டையால் அடித்துப் பார்த்தார்கள். பந்து ஏறக்குறைய வழக்கமான தூரம் சென்றது. மோதும்போது தலை தனித்து வீசப்பட்ட பொருளைப் போலவே நடந்துகொள்கிறது என்பது வெளிப்பட்டது. ஒரே ஒரு காரணியை மாற்று, மற்றவற்றை அப்படியே வை: இந்த ஒழுக்கம் அந்தக் கீலில் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்குப் பின் ரேடாரோடு வரும் அட்டவணைகளில் அதைக் காணோம்.

இதனால் பாதிக்கப்படுபவர் யார்? பணக்காரர் ஆண்டுக்கொரு தொகுதி வாங்கிக்கொள்வார். ஆனால் நம் நாட்டில் மட்டைப் பை சுமந்த 'கேடி'களிலிருந்தும் வீரர்கள் எழுந்திருக்கிறார்கள். டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-இல் வென்றார். அவ்வழியில் வரும் இளைஞர் ஒருவர் கையில் பழைய தொகுதியோடு நின்று, பக்கத்திலிருப்பவரின் 7 தம் 7-ஐவிடப் பதினைந்து மீட்டர் கூடுதலாகப் போவதைக் கண்டு மனம் சோர்ந்தால், அட்டவணைகளே அதற்குப் பொறுப்பு. அவர் தம் 5-ஐ எடுத்து அடித்துப் பார்க்கலாம்.

பழைய தொகுதி வாங்குவோர் பொறித்த எண்ணை மறந்துவிட்டுக் கோணமானியும் தூக்குநூலும் கொண்டு ஒவ்வொரு மட்டையின் சாய்வையும் அளப்பது நல்லது. முன்னால் வைத்திருந்தவர் பட்டறையில் கொடுத்து வளைத்திருக்கவும் கூடும். அடுத்தடுத்த மட்டைகளுக்கிடையே சுமார் 4 பாகை இடைவெளி சீராக இருக்கிறதா என்பதே முக்கியம். இரண்டு மட்டைகளை ஒப்பிடும்போது ஒன்றை முழுதும் அடித்து முடித்து மற்றதை எடுக்காமல் மாற்றி மாற்றி அடியுங்கள். களைப்பும் காற்றும் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். உதகையில் அளந்த தூரத்தைச் சென்னையில் அளந்ததோடு ஒப்பிடாதீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எந்த மட்டையும் அங்கே நல்ல மட்டையாகத்தான் தெரியும்.

அட்டவணைகள் பெரும்பாலும் தொடாத இன்னொரு கோணம் உண்டு. தண்டுக்கும் தரைக்கும் இடையிலுள்ள 'லை' என்ற கோணம் அது. ஆட்டக்காரரின் உயரத்துக்கும் நிற்கும் முறைக்கும் ஏற்ப இது அமைய வேண்டும். 34 பாகைச் சாய்வுள்ள மட்டையில் லை 3 பாகை தவறினால், 140 மீட்டர் தொலைவில் பந்து இலக்கிலிருந்து சுமார் 5 மீட்டர் விலகும். மெல்லிய முகப்பும் விளிம்பு எடையும் இதைச் சரிசெய்யா. சோதிக்கச் செலவும் இல்லை. பந்தின் மீது மார்க்கர் பேனாவால் தடித்த கோடு ஒன்று போட்டு, கோடு மட்டையைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும்படி வைத்து அடியுங்கள். முகப்பில் பதியும் மைக்கோடு மட்டையைத் தரையில் ஊன்றிப் பார்க்கும்போது செங்குத்தாக இருந்தால் லை சரி. கோட்டின் மேல்முனை தண்டுப் பக்கமோ முனைப் பக்கமோ சாய்ந்திருந்தால், வாங்குமுன் பட்டறைக்காரரிடம் வளைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். வார்த்த எஃகில் சில வகைகள் வளைத்தால் முறிந்துவிடும்.