நினைவும் முன்னறிவும்: பார்ட்லெற்றின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

நினைவைப் பரிசோதனை வாயிலாக அளக்க முற்பட்ட எபிங்ஹவுஸ், 1885இல் வெளியிட்ட தமது ஆய்வுக்குப் பொருளற்ற அசைகளையே பெரிதும் பயன்படுத்தினார். முன்னறிவின் தலையீட்டைக் குறைப்பதே அவர் நோக்கம். அம்முன்னறிவையே ஆய்வின் மையத்துக்குக் கொணர்ந்தமை, கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பார்ட்லெற் 1932இல் வெளியிட்ட 'நினைவுகூர்தல்' என்னும் நூலின் தனிச்சிறப்பாகும்.

வட அமெரிக்கப் பழங்குடியினரின் 'ஆவிகளின் போர்' என்னும் கதையை ஆங்கில வாசகர் படித்து, காலம் இடையிட்டு மீள எழுதினர். வள்ளம் படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று, ஆவிகள் பலர் எழுத்தில் மறைந்தேபோயின. நினைவு பதிவேடன்று, அறிந்த சட்டகத்தினுள் நிகழும் மீளாக்கமே என அவர் முடிவுசெய்தார்.

இம்முடிவு வலிதே. ஆயினும், இச்சோதனையை மட்டும் எடுத்தாள்வோர் முன்னறிவை நினைவின் பகையாகக் கருதிவிடுகின்றனர். அதே நூலில் ஆபிரிக்க சுவாசி இடையன் ஒருவன் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் வாங்கப்பட்ட மாடுகளின் அடையாளங்களையும் விலைகளையும் பெரும்பாலும் பிசகின்றிக் கூறிய செய்தியும் உண்டு. அங்கு முன்னறிவு நினைவைக் காத்துள்ளது. சேஸ், சைமன் ஆகியோரின் 1973ஆம் ஆண்டு ஆய்வும் இதனுடன் இயைகிறது. உண்மையான ஆட்டத்தின் காய்நிலையை ஐந்து வினாடி நோக்கிய சதுரங்க வல்லுநர் அதனைப் பெரிதும் மீளமைத்தார். ஒழுங்கின்றிப் பரப்பிய காய்களிலோ அவரது மேம்பாடு மறைந்தது.

எனவே நினைவைப் பெரிதும் திரிப்பது முன்னறிவன்று. பொருளுக்குப் பொருந்தாத முன்னறிவே. புதுமையும் இவ்வாறே. அது பொருளில் தனித்து உறைவதன்று. அறிந்தவற்றோடு அதற்குள்ள உறவிலே தோன்றுவது. முல்லைக்கு இருத்தலும் நெய்தலுக்கு இரங்கலும் உரியன என்னும் மரபை அறிந்தவனுக்கே, ஒரு திணையின் நிலத்தில் மற்றொன்றன் ஒழுக்கம் வந்து மயங்குவது புலனாகும். அவன் உள்ளத்திலேயே அது நிலைக்கும். தொல்காப்பியம் உடன்படும் அத்திணைமயக்கம், மரபறியாதானுக்கு வெறும் இயற்கை வருணனையாகவே கழியும்.

இலக்கியத் திறனாய்வு இதனைக் கருதுதல் வேண்டும். பிறமொழி இலக்கியங்களிலிருந்து பெற்ற சட்டகங்களை மட்டுமே கொண்டு சங்கச் செய்யுளை அணுகுவோர், தாமறிந்ததையே அதனுட் கண்டு மீள்வர். அவர் கையிலும் வள்ளம் படகாகவே மாறும்.