வெண்திரைப் பெண்ணும் தோட்டத்துப் பெண்ணும்

கெடா மாநிலத்துத் தோட்டங்களில் முன்னாளில் படம் காட்டும் வழக்கம் ஒன்று இருந்தது. திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, இருட்டியதும் படத்தை ஓட்டுவர். லயத்துப் பெண்டிர் பாயும் பிள்ளையுமாக வந்து அமர்வர். அவர்கள் விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, ஆயாக் கொட்டகையில் குழந்தையை விட்டு, நிரை பிடித்து மரம் சீவியவர்கள். பிற்பகலில் பால் வாளியைத் தோளில் சுமந்து திரும்பியவர்கள். இத்தகைய பெண்ணுக்கு அந்த வெள்ளைத் துணி எத்தகைய பெண்ணைக் காட்டியது என்னும் வினாவையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி நம்மவர் எழுதியவை பெரும்பாலும் நடிகர் புகழ்ச்சியாகவோ, ‘சினிமா கெடுக்கிறது’ என்னும் ஒற்றை வரிக் கண்டனமாகவோ நின்றுவிட்டன. இரண்டாலும் மாணவர்க்குப் பயனில்லை.

தொடக்கத்தில் திரையில் பெண்ணே இல்லை என்பதிலிருந்து தொடங்கலாம். 1913-இல் பால்கே எடுத்த அரிச்சந்திரன் கதைப் படத்தில் சந்திரமதியாக நடித்தவர் சாலுங்கே என்னும் ஆடவர். அதே 1913-இல் ஹாங்காங்கில் எடுக்கப்பெற்ற சுவாங்சி கதைப் படத்திலும் மனைவியாக வேடமிட்டவர் லி மின்வெய் என்னும் ஆடவரே. அவருடைய மனைவி யான் ஷான்ஷான் பணிப்பெண்ணாகச் சிறு வேடமேற்றார். சீனத் திரையின் முதல் நடிகை என இன்று போற்றப்படுபவர் அவரே. மனைவி வேடத்தை ஆண் எடுத்துக்கொள்ள, பெண்ணுக்குப் பணிப்பெண் வேடம் கிடைத்தது! இரு பெரும் நாகரிகங்களும் ஒரே ஆண்டில் ஒரே வகையில் நடந்துகொண்டமை தற்செயலன்று. குலப்பெண் பிறர் கண்முன் தோன்றலாகாது என்னும் கட்டு இரு நாட்டுக்கும் பொதுவாயிருந்தது.

தமிழ் பேசிய முதற்படமான ‘காளிதாஸ்’ 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-இல் வெளிவந்தது. அதன் தலைவி டி. பி. ராஜலட்சுமி. இளமையிலேயே மணம் செய்விக்கப்பெற்று, அம்மணவாழ்வு முறிந்தபின் நாடக மேடை ஏறியவர் அவர். 1936-இல் தாம் எழுதிய நாவலைத் தழுவி ‘மிஸ் கமலா’ என்னும் படத்தைத் தாமே இயக்கினார். தென்னாட்டில் பெண்ணொருத்தி படம் இயக்கியது அதுவே முதன்முறை. அக்காலத்து நடிகையர் பலர் நாடகக் குழுக்களிலிருந்தோ, இசையும் நடனமும் வழிவழியாகப் பயின்ற குடும்பங்களிலிருந்தோ வந்தவர். ‘நல்ல குடும்பத்துப் பெண்’ணைத் திரைக்கு அனுப்பச் சமூகம் மறுத்தது, ஆனால் திரைக்கு வந்த பெண் நல்ல குடும்பத்துப் பெண்ணாகவே நடிக்க வேண்டுமென்று அதே சமூகம் எதிர்பார்த்தது. இம்முரண்பாட்டை நினைவிற் கொண்டே இனி வரும் படங்களை நோக்குதல் வேண்டும்.

கே. சுப்பிரமணியம் 1937 முதல் 1939 வரை எடுத்த மூன்று படங்கள் தனித்து எண்ணத்தக்கவை. ‘பாலயோகினி’யில் (1937) ஆதரவற்ற பிராமணப் பெண்களுக்கும் குழந்தைக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வேலைக்காரர் ஒருவரே தம் வீட்டில் இடம் கொடுக்கிறார். கைம்பெண் வேடத்துக்கு உண்மைக் கைம்பெண் ஒருவரையே நடிக்க வைத்ததற்காகப் பழமைவாதிகள் இயக்குநர்மீது சீறினர். ‘சேவாசதனம்’ (1938) பிரேம்சந்தின் நாவலைத் தழுவியது, எம். எஸ். சுப்புலட்சுமி திரையில் தோன்றிய முதற்படம். முதியவருக்கு மணமுடிக்கப்பெற்ற இளம்பெண் ஐயத்தின் பேரில் வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறாள். அவள் வழிதவறியதற்குக் காரணம் அவள் குணமன்று, அவளுக்கு அமைத்த மணமே என்று அப்படம் கூறத் துணிந்தது.

மூன்றாவது ‘தியாகபூமி’ (1939). கல்கியின் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது படத்தின் காட்சிகளே அதற்குச் சித்திரங்களாக அமைந்தன. கணவன் ஸ்ரீதரனால் ஒதுக்கப்பட்ட சாவித்திரி, குழந்தையைத் தந்தையின் அருகே விட்டு மறைகிறாள். பின்னர் செல்வச் சீமாட்டி உமாராணியாகத் திரும்புகிறாள். அவளைத் தன்னோடு வாழக் கட்டளையிடுமாறு கணவன் நீதிமன்றம் ஏறுகிறான். அவளோ உடன்வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்குத் தானே சீவனாம்சம் தருவதாகக் கூறுகிறாள். இந்துப் பெண்ணுக்கு மணவிலக்குச் சட்டமே இல்லாத நாளில் இது எழுந்தது என்பதை ஆசிரியர்கள் வகுப்பறையில் வற்புறுத்திக் காட்ட வேண்டும். சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் வந்தது 1949-இல். இந்தியா முழுமைக்கும் 1955-இல். சட்டத்துக்குப் பத்தாண்டுகள் முந்தி ஒரு படம் பேசிவிட்டது. 1940-இல் பிரிட்டிஷ் அரசு அப்படத்தைத் தடைசெய்தது. தேச விடுதலைப் பகுதியே அதற்குக் காரணம். சாவித்திரியின் வழக்கு அன்று.

இத்தனை பாராட்டிய பிறகும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. சாவித்திரிக்கு அந்த வன்மை எங்கிருந்து வந்தது? உறவினர் வழிச் சொத்து வந்தது, பணம் வந்தது, அதன்பின் நாவில் சொல் வந்தது. அவள் உழைத்து ஈட்டியது அதில் ஒன்றுமில்லை. பத்தாண்டு கழித்து அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’ (1949) வந்தது. பெயரிலேயே உழைப்பாளியைத் தாங்கிய அப்படத்திலும் அமிர்தம் செல்வர் ஒருவரின் மகளாக ஏற்கப்பட்ட பின்னரே மணமேடை ஏறுகிறாள். சீர்திருத்தம் பேசியவரும் பெண்ணை உயர்த்துவதற்கு வழி தேடியபோது, அவளுக்கு வேறொரு தந்தையைத்தான் தேடினர்.

‘பராசக்தி’யில் (1952) கல்யாணி கைம்பெண்ணான பின் இட்லிக் கடை வைத்துப் பிழைக்கிறாள். தமிழ்ப் படத்தில் உழைத்துண்ணும் பெண்ணுக்குக் கிடைத்த அரிய இடங்களுள் இது ஒன்று. ஆயினும் என்ன நேர்கிறது? கடைக்கு வருபவன் தீண்ட முயல்கிறான். வேலைக்குப் போன வீட்டில் முதலாளி முயல்கிறான். கோயிலில் பூசாரி முயல்கிறான். இறுதியில் குழந்தையை ஆற்றில் எறிகிறாள். கலைஞர் கருணாநிதியின் உரையாடல் சமூகத்தைச் சுட்டது உண்மை. அந்நெருப்பை யாரும் மறுக்க இயலாது. ஆனால் அதே கதையமைப்பு மற்றொன்றையும் கூறாமற் கூறுகின்றது: வீட்டு வாயிலைத் தாண்டி உழைக்கப் புகுந்த பெண்ணுக்கு வெளியில் இருப்பதெல்லாம் ஆபத்தே, அண்ணன்மார் வந்து சேரும்வரை அவளுக்குப் பாதுகாப்பில்லை.

இன்னொரு பிரிவினையும் இக்காலப் படங்களில் உண்டு: மனையாள் ஒருபுறம், கணிகை மறுபுறம். ‘ஹரிதாஸ்’ (1944) படத்து ரம்பையாக டி. ஆர். ராஜகுமாரி ஒளிர்ந்தார்; ‘இரத்தக் கண்ணீர்’ (1954) படத்துக் காந்தாவாக எம். என். ராஜம் நடித்தார். குடும்பம் குலைந்தால் குற்றம் கணிகையின் தலையில். மனந்திரும்பினால் பெருமை கணவனுக்கு. தமிழாசிரியர்க்கு இங்கே ஒரு நல்ல பயிற்சி கிடைக்கின்றது. இளங்கோவடிகளின் மாதவியை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் மடல் எழுதுகிறாள். கோவலன் மறைவைக் கேட்டுத் துறவு பூணுகிறாள். தன் மகளைக் கணிகையாக்க மறுக்கிறாள். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு புலவர் கணிகைக்கு உள்ளம் வைத்துப் பாடியிருக்க, இருபதாம் நூற்றாண்டின் கலை அவளை ரம்பையாகச் சுருக்கியது பின்னடைவே. ‘இரத்தக் கண்ணீ’ருக்கு ஒரு பெருமையைத் தந்தே ஆக வேண்டும்: நோயுற்று அழியும் மோகன் தன் மனைவியை நண்பனுக்கு மணமுடித்து வைக்கிறான். அக்காட்சி பலரைத் திடுக்கிட வைத்திருக்கும். ஆனால் அங்கும் கொடுப்பவன் கணவன். அவள் விருப்பத்துக்கு இடம் சிறிதே.

1942-இல் வெளிவந்த ‘கண்ணகி’யில் கண்ணாம்பா இளங்கோவனின் உரையாடலை முழங்கினார். ஜப்பானியர் 1941 டிசம்பரிலேயே கெடாவைக் கைப்பற்றிவிட்டமையால், போர் முடிந்து கப்பல் வரத் தொடங்கிய பின்னரே அப்படம் நம் மண்ணுக்கு வந்திருக்க முடியும். இதற்கிடையில் இங்கே நிகழ்ந்தது என்ன என்பதைத் தமிழ்த்திரை அறியவில்லை. 1943-இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினர். இந்தியாவைக் கண்ணாற் காணாதவரும் அவர்களுள் இருந்தனர். 1946, 47-ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தது. கள்ளால் அழிந்தது பெண்ணின் அடுப்பு. கண்ணகிக்கு நிகரான சினம் அந்த லயங்களில் இருந்தது; கோட்டைக் கதவும் சிலம்பும்தாம் இல்லை.

கூலியையும் நோக்குவோம். 1920-களின் பிற்பகுதியில் மலாயாவில் இந்தியத் தொழிலாளர்க்கு வகுக்கப்பெற்ற தரக் கூலியில், எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உளியின் கூர் இருவர்க்கும் ஒன்றே; மரமும் ஒன்றே. தோட்டத்துப் பெண் சாவித்திரியைப்போல் சொத்துக்குக் காத்திருக்கவில்லை. அவள் ஏற்கெனவே சம்பாதித்தாள். சம்பாதித்தும் அவள் சொல் அம்பலம் ஏறவில்லை. எனவே ‘பெண் பொருள் ஈட்டினால் விடுதலை பெறுவாள்’ என்னும் எளிய விடை இங்கே பொருந்தாது. தமிழ்ப் படம் எழுப்பாத கேள்வி இது. எழுப்பத்தக்க களமோ நம் மண்ணில் இருந்தது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தை ஒருதார மணமாக வரையறுத்துப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1976-இல் இயற்றப்பெற்று 1982 மார்ச்சு முதல் நாளிலேதான் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பின்னர் கைவிடப்பட்ட பெண்ணிடம் பல வேளைகளில் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இருந்ததில்லை. சாவித்திரியின் நீதிமன்றத்தைத் திரையில் கண்டபோது அவள் என்ன எண்ணியிருப்பாள்?

உழைக்கும் பெண்ணை அக்காலத் திரையில் காட்டவே இயலாது என்பாரும் உளர். அவர்க்குச் சீனப் படங்களே மறுமொழி. 1933-இல் ஷாங்காயில் எடுக்கப்பெற்ற ‘வசந்தகாலப் பட்டுப்புழுக்கள்’ பட்டுப்பூச்சி வளர்க்கும் உழவர் குடும்பத்து ஆணும் பெண்ணும் இரவு பகலாக உழைப்பதைத் தொழிலின் ஒவ்வொரு படியையும் காட்டி விளக்குகின்றது. நல்ல விளைச்சலும் விலை வீழ்ச்சியால் அவர்களைக் கடனில் தள்ளுகின்றது. ரப்பர் விலை விழுந்த நாள்களை அறிந்த நமக்கு இது அயலார் கதையாகத் தோன்றாது. அதே ஆண்டில் வந்த ‘விடியல்’ ஆலைக்கு வேலைதேடி வந்த நாட்டுப்புறப் பெண்ணைத் தலைவியாக்கியது. 1934-இல் வந்த ‘தெய்வமகள்’ படத்தில் ருவான் லிங்யூ, மகனைப் படிக்கவைக்க உடலை விற்கும் தாயாக நடித்தார். நம் ரம்பையையும் காந்தாவையும் இவளருகே நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இவள் எவர் குடும்பத்தையும் கெடுக்கவில்லை. பள்ளிக் கட்டணத்துக்குப் பொருள் தேடுகிறாள்.

சீனப் படங்கள் குறையற்றவை என்று சொல்ல வரவில்லை. அவற்றிலும் பெண் பெரும்பாலும் சிறைக்கோ சாவுக்கோ சென்றாள். ‘புதிய பெண்கள்’ (1935) என்னும் படத்தில், எழுத்தாளரான ஓர் ஆசிரியை அவதூறுக்கு ஆளாகித் தற்கொலை புரிகிறாள். அவ்வேடம் ஏற்ற ருவான் லிங்யூவும் அதே அவதூறுக்கு ஆளாகி, 1935 மார்ச்சு 8-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது இருபத்து நான்கு. திரையில் பெண்ணுக்கு இரங்கிய சமூகம் திரைக்கு வெளியே இரங்கவில்லை. நம் நடிகையர்பால் நம்மவர் பேசிய பேச்சையும் நினைத்துக்கொள்க.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடலாகாது. நம் நாட்டுச் சிறுகதைகளைப் படித்துவருவோர் ஒன்றைக் கண்டிருப்பர். தோட்டமும் லயமும் தண்டலும் கள்ளுக்கடையும் சரியாக வரும். பெண் பாத்திரம் வாய் திறந்ததும் கண்ணாம்பாவோ ஸ்ரீரஞ்சனியோ பேசத் தொடங்கிவிடுவர். சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்துப் பெண் தன் கணவனோடு சண்டையிடும்போது அடுக்குமொழி பேசுவதில்லை. அவள் பேச்சில் மலாய்ச் சொல் வரும், சீனக் கடைக்காரரிடம் பேசிப் பழகிய சொல் வரும், வசையும் வரும். கதையிலோ அவள் கண்ணீர் வடித்துக் ‘கற்பு’ என்று பேசுகிறாள். அழுபவள் நல்லவள், எதிர்ப்பவள் கெட்டவள், வேலைக்குப் போகிறவளுக்குத் தீங்கு வரும் என்னும் அதே கணக்கு கதைகளிலும் தொடர்கின்றது. மாணவர் எழுதும் கட்டுரைகளிலும், பள்ளி நாடகங்களிலும் இதனைக் காணலாம். திரைப்படம் பார்த்ததைக் குறை கூறுவது வீண். பார்த்ததைக்கொண்டு எதிரே இருப்பவளைப் பாராமல் விட்டதே குறை.

தோட்டத்துப் பெண் திரைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. தீபக் குமரன் மேனன் 2005-இல் இயக்கிய ‘செம்மண் சாலை’ மலேசிய இளைஞர் இங்கேயே எடுத்த தமிழ்ப்படம். ரப்பர்த் தோட்டக் குடும்பத்தில் பிறந்த சாந்தா பல்கலைக்கழகம் செல்ல விரும்புகிறாள், வீட்டில் பணமில்லை. அங்கே நீண்ட உரையாடல் இல்லை, தீயவன் இல்லை, நீதிமன்றமும் இல்லை. தாயும் மகளும் சிறிய சமையற்கட்டில் நின்று குறைந்த சொற்களில் பேசிக்கொள்கின்றனர். எந்தச் செலவை நிறுத்தினால் எதைச் செய்யலாம் என்பதே அவ்வீட்டின் பேச்சு. விறுவிறுப்புக்குப் பழகியவர் இதனை மெல்ல நகரும் படம் என்று அலுத்துக்கொள்ளக்கூடும். ஆயினும் ‘தியாகபூமி’ எங்கே கிடைத்தாலும் தேடிப் பார்த்து, அடுத்த நாளே இதனையும் பார்க்குமாறு மேல்நிலை மாணவர்க்குப் பரிந்துரைப்பேன்; சாவித்திரிக்குச் சொத்து வந்த விதத்தையும், சாந்தாவின் வீட்டில் பணம் எண்ணப்படும் விதத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.