சுங்கானின் முதல் நெருப்பு

பிரான்சின் ஜூரா மலைகளிலுள்ள சேன்-க்ளோத் ஊரில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பிரையர் சுங்கான் கடைகிறார்கள். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரப் புதர்ச்செடி ஒன்றின் வேர்முண்டு. வறண்ட மண்ணில் பல்லாண்டு மெல்ல முற்றியது. நெருப்பை மடியில் வைத்திருந்தும் எளிதில் கருகாது. வெட்டிய முண்டை மணிக்கணக்கில் வேகவைத்து, சாறு போனபின் மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

புதுச் சுங்கானில் புகையிலையை அடியில் தளர்வாகவும் மேலே வர வரச் சற்று இறுக்கமாகவும் திணிக்க வேண்டும். குழந்தையின் கை, பெண்ணின் கை, ஆணின் கை என்று மூன்று அழுத்தங்களாகச் சொல்லிக்கொடுப்பது பழைய வழக்கம். முதல் தீக்குச்சிக்கு இலைகள் சிலிர்த்து எழும். மெல்ல அமுக்கிவிட்டு இன்னொரு குச்சி. அவசரமாக உறிஞ்சினால் நாக்கு வெந்துபோகும். புகை வாயோடு சரி, நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. (அதனால் தீங்கில்லை என்று எண்ண வேண்டாம், வாய்ப் புற்றுநோய் இதிலும் வரும்.)

என்னை ஈர்ப்பது புகையிலை திணிக்கும் கிண்ணத்தின் உட்சுவர். ஒவ்வொரு முறையும் மெல்லிய கரிப்பூச்சு படிந்து மரத்தைக் காக்கிறது. புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். அதற்காகவே முதல் சில தடவை பாதிக் கிண்ணம்தான் நிரப்புகிறார்கள்.