துடுப்புக்காரன் இல்லாத படம்

எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுக் குன்னத்தூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறவனுக்கு விமர்சனம் எழுத விஷயம் எங்கிருந்து வருகிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இந்தமுறை செக்கிங் மேசையிலிருந்து வந்தது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று. டீ-சர்ட்டின் மார்பில் அச்சிட ஒரு படம். பெருக்கெடுத்த ஆறு, இரு முனையும் தூக்கிய சின்னப் படகு. முன்னால் ஒருவன் நின்றபடி நீளக் கழியை வீசுகிறான். அதிலிருந்து கிளம்பிய நூல் வானத்தில் வளைந்து கிடக்கிறது. படகின் நடுவில் இன்னொருவன் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறான். முதல் சாம்பிள் இப்படித்தான் போனது. திரும்பி வந்த குறிப்பில் உட்கார்ந்திருப்பவனை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். ஒரு கலர் மிச்சம், படமும் 'சுத்தமாக' இருக்குமாம். இரண்டாம் சாம்பிளில் நிற்கிறவன் மட்டும்தான்.

செக்கிங்கில் கொளத்தூர்க்கார அம்மா ஒருவர், மேட்டூர் அணைப் பக்கத்துக் கொளத்தூர், இரண்டு பீசையும் சேர்த்து விரித்துவைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, இந்தாளு என்ன சாட்டையா வீசறான்?" மீன் பிடிக்கிறான் என்றேன். "புடிக்கட்டும். வெள்ளத்துல துடுப்புப் போடறவன எறக்கி உட்டுட்டு இந்தப் படகு எப்படிங்க நிக்கும்?"

பிரதியில் சொல்லப்படாததைக் கேட்பதுதான் வாசிப்பு என்று நாமெல்லாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறோம். அந்த அம்மா ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் போகிற முயற்சிதான்.

படத்திலிருப்பது ஃபிளை ஃபிஷிங். முள்ளில் இறகும் மயிரும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் ஒன்றைக் கட்டி மீனை ஏமாற்றும் முறை. நம்மூர்த் தூண்டிலில் மண்புழுவோ மாவோ கோத்து, ஈயக் குண்டு கட்டி எறிகிறோம், கனம் நூலை இழுத்துக்கொண்டு போகிறது. இதில் பூச்சிக்குக் கனமே கிடையாது. கனம் நூலில் இருக்கிறது. நூலை முன்னும் பின்னும் வீசித்தான் பூச்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். சாட்டை என்று அந்த அம்மா சொன்னது துல்லியமான வருணனை.

தெளிந்த தண்ணீரில் பிறந்த கலை இது. மீன் கண்ணால் கண்டு வந்து கவ்வ வேண்டும். ஆறு கலங்கிப் பெருகிவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. பூச்சி மீனுக்குத் தெரியாது. மீனும் நடு ஆற்று வேகத்தில் நின்று தன் பலத்தை வீணாக்காது. கரையோர மந்த நீருக்கும், பாறையின் பின்பக்கத்துக்கும், மூழ்கிய புதரடிக்கும் ஒதுங்கிவிடும். அப்போது பெரிய, கருத்த, கனமேற்றிய பூச்சியைக் கரையை ஒட்டிப் போட வேண்டும். ஆற்றில் இறங்கி நிற்க முடியாது, படகுதான் கதி. படகோ வெள்ளத்தோடு ஓடுகிறது. அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து ஆறுகளில் இதற்கென்றே உள்ள படகில் துடுப்புக்காரன் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, எதிர்த்து இழுக்கிறான். படகு தண்ணீரைவிட மெதுவாகப் போக வேண்டும், கரையிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் போக வேண்டும். பூச்சி எங்கே விழலாம், எத்தனை நேரம் அங்கே இருக்கலாம் என்பதெல்லாம் அவன் கையில். வெள்ளக் காலத்தில் மீன் பிடிக்கிறவன் அவன்தான் என்று சொன்னால் பெரிய மிகையாகிவிடாது.

இதை நான் விளக்க ஆரம்பித்ததும் அந்த அம்மா சிரித்தார். "தண்ணி ஏறுனா மீனு கரையோரமா ஒதுங்கும்னு எங்கப்பா சொல்லுவாருங்க. அவரு பரிசல நடுவுல உடவே மாட்டாரு." மூங்கில் பிளாச்சில் பின்னி, முன்பு தோலும் இப்போது தார் பூசிய பிளாஸ்டிக்கும் போர்த்திய வட்டப் பரிசலுக்கு முன் பின் என்று கிடையாது. அடியும் தட்டை. துடுப்பை ஒருகணம் தப்பாகப் போட்டால் தட்டாமாலை சுற்றும். அதில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து துடுப்பும் போட்டு வலையும் விடுகிறவர் அவர். அந்த அமெரிக்கப் படகில் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்த வேலையை ஒருவரே செய்கிறார். படம் போட அவருக்கு யாரும் இல்லை.

இனி எழுத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் தூண்டில் இலக்கியம் தனி வகைமை. ஐசக் வால்டன் 1653இல் எழுதிய புத்தகம் இன்றுவரை அச்சில் இருக்கிறது. பூச்சித் தூண்டில் பற்றிய பகுதியை சார்லஸ் காட்டன் 1676இல் சேர்த்தார். அது நம் பக்கம் வந்தது கலெக்டர்கள் வழியாக. சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், தென்கன்னடத்தில் வேலை பார்த்தவர், 1873இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார். சால்மனைவிட மஹசீர் நல்ல விளையாட்டுக் காட்டும் மீன் என்று வெள்ளைக்காரர்களுக்கு அறிவித்த புத்தகம். மஹசீர் என்றால் நம்முடைய பொம்மீன். விளையாட்டு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இதே தாமஸ்தான் 1870இல் தென்கன்னட மீன்வளம் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியவரும். ஒரு கையில் தூண்டில், ஒரு கையில் அறிக்கை. பிடித்து மகிழ்கிறவன் விளையாடுகிறான், பிடித்துத் தின்கிறவன் அழிக்கிறான் என்ற பாகுபாடு இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில்தான் உருவாகிறது. 1879இல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடியும் விஷமும் தடுக்கப்பட வேண்டியவைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவலாஞ்சியில் குஞ்சு பொரித்து நீலகிரி ஓடைகளில் விட்ட டிரவுட் மீன் யாருடைய ஏக்கத்துக்காக வந்தது? அந்தத் தண்ணீர்தான் குந்தா வழியாக இறங்கி, எங்களுக்கு வடக்கே கோபியைத் தாண்டிப் போகிற பவானியில் சேர்கிறது.

வெள்ளைக்காரனைத் திட்டுவது சுலபம். நாம் என்ன செய்தோம்? தமிழில் புதுவெள்ளம் என்றாலே கல்கிதான் நினைவுக்கு வருவார். 'பொன்னியின் செல்வ'னின் முதல் பாகத்துக்குப் பெயரே அது. ஆடிப் பதினெட்டில் வீரநாராயண ஏரிக்கரை மேல் குதிரையில் வருகிறவனின் கண்ணால் வெள்ளத்தைப் பார்க்கிறோம். நம் வெள்ளம் எப்போதும் கரைமேல் இருந்து பார்த்த வெள்ளம். பரிபாடலின் வையைப் பாடல்களிலும் ஊர் திரண்டு நீராடப் போகிறது. பூங்குழலி இல்லையா என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறாள். அவள் படகு கடலில் போகிறது, இளவரசனை ஏற்றிக்கொண்டு போவதால் கதைக்குள் இடம் பிடிக்கிறது.

ஆனால் ஐங்குறுநூற்றின் மருதத்தைத் திறந்தால் வேறொன்று கிடைக்கிறது. பாண்மகள் மீன் கொடுத்து நெல் வாங்குகிறாள். பாணர்கள் மீன் பிடித்தவர்கள். யாழ் எடுத்த கைதான் தூண்டிலும் எடுத்தது. கல்லூரியில் பாணன் என்றால் வாயில் என்றும் தூது என்றும் குறிப்பெழுத வைத்தார்களே தவிர, அவன் மீனைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நம் மரபின் முதல் பாடகர்களில் ஒரு சாராரை ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்தமாக்கிவிட்டுத்தான் பாடம் நடத்தினோம். டீ-சர்ட் கம்பெனி ஒரு கலர் மிச்சம் பிடித்தது. நாம் என்ன மிச்சம் பிடித்தோம் என்று தெரியவில்லை.

காவிரியில் இது எழுத்தோடு நிற்கவில்லை. ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகப் பகுதியில், பீமேஸ்வரி, கலிபோர் தூண்டில் முகாம்களில் பொம்மீனைப் பிடித்துப் படமெடுத்துத் திரும்ப விடுவார்கள். பூச்சியைவிடக் கேழ்வரகு உருண்டைதான் அங்கே அதிகம் எடுபட்டது. பரிசல் ஓட்டியதும் உருண்டை பிசைந்ததும் உள்ளூர்க்காரர்கள். திருட்டு மீன்பிடிப்பவர்கள் என்று முன்பு பெயர் வாங்கியவர்களே அவர்களில் வழிகாட்டியும் ஆனார்கள். இந்த முகாம்கள் ஆற்றைக் காவல் காத்தன என்ற வாதத்தில் உண்மை உண்டு. கலிபோரில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பதிவேடு இல்லாவிட்டால் திமில் பொம்மீன் அழிந்துகொண்டிருப்பது விஞ்ஞானிகளுக்கே தெரிந்திருக்காது. ஆனால் அதே பதிவேடு இன்னொன்றும் சொன்னது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகப் பெருக, ஆற்றின் சொந்த மீன் குறைந்துகொண்டே போனது. 2018இல்தான் அந்தத் திமில் மீனுக்கு டோர் ரேமாதேவி என்று அறிவியல் பெயர் உறுதியாயிற்று. அந்தப் பெயர் முதலில் பாம்பாற்று மீனுக்கு வைத்தது. பாம்பாறு எங்கள் திருப்பூர் மாவட்டத்து அமராவதிக்கு வருகிற தண்ணீர். 145 வருஷம் ஆங்கிலத்தில் புகழப்பட்ட மீனுக்கு அதுவரை சரியான பெயரே இல்லை. பரிசல்காரர்களிடம் பெயர் இருந்தது.

அதே காவிரியில் கீழே, பாலாறு சேருகிற இடத்தில், 2023 பிப்ரவரியில் மேட்டூர்ப் பக்கத்துக் கோவிந்தபாடிக்காரர் ஒருவர் பரிசலில் போனார். கர்நாடக வனத்துறை சுட்டது என்று செய்தி. சில நாள் கழித்து உடல் ஆற்றில் கிடைத்தது. மான் வேட்டைக்கு வந்தார்கள் என்றது வனத்துறை. மீன் பிடிக்கப் போனவர் என்றார்கள் ஊர்க்காரர்கள். எது உண்மை என்று தீர்ப்பு எழுத நான் ஆள் இல்லை. பரிசலில் ஒருவன் தெரிந்தால் அவன் வழிகாட்டியா, வேடிக்கை காட்டுகிறவனா, திருடனா என்பதை அவன் முகத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. கூட நிற்கிறவன் யார் என்பதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். கூட யாரும் இல்லையென்றால் குற்றவாளி. படத்தில் அவனை விட்டுவைத்தாலும் எடுத்தாலும் இதுதான் கதி என்பதால், 'விளிம்பைச் சித்திரித்தால் போதும்' என்று நம்புகிற சிறுகதைக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சித்திரிக்கிறவன் படகில் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது, என்னையும் சேர்த்து.

கொளத்தூர் அம்மாவிடம் கோவிந்தபாடி தெரியுமா என்று கேட்டேன். "பக்கத்தூருதானுங்க" என்றவர் மேலே பேசவில்லை, அடுத்த பீசை எடுத்துத் தையல் பார்த்தார்.

ஆர்டர் போய்விட்டது. துடுப்புக்காரனோடு அச்சடித்த முதல் சாம்பிள் கம்பெனிக்கு வேண்டாததாகி வேஸ்ட் மூட்டையில் கிடந்தது. மெசின் துடைக்க வெட்டுவதற்கு முன்னால் அந்த அம்மா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "அளவு கொஞ்சம் பெருசு. எங்கப்பா போட்டுக்குவாரு."