பேஜ்மேக்கரை விட்டு வராத தமிழ்

பெங்களூரு சிக்பேட்டை, சுல்தான்பேட்டை பக்கம் கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் ஒரே அட்டையில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கேட்பவர்கள் உண்டு. பெண் வீடு அல்சூர், பிள்ளை வீடு மைசூரு என்றால் வேறென்ன செய்வார்கள்? அந்த அட்டையைக் கணினியில் அமைக்கும் டி.டி.பி. ஆபரேட்டருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது மூன்று துண்டு: கொம்பு, க, கால். கையெழுத்துப் பிரதியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று விசைகளைத் தட்டினால் போதும். மொழி தெரியாத கைக்கும் வேலை ஓடும். பழைய முறையை ஏளனம் செய்பவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய பலம் இது.

ஓர் எழுத்துருவில் 256 இடங்களே இருந்த காலத்தில் பிறந்த ஏற்பாடு இது. தமிழுக்கோ 247 எழுத்துகள். கிரந்தம், எண், நிறுத்தக்குறி எல்லாம் தனி. எனவே எழுத்துகளைத் துண்டு துண்டாக்கி, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் குடிவைத்தார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்ததை ஓர் ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் என்ற ஒன்று இருந்ததே இல்லை. கன்னடமும் இதே வழியில்தான் வந்தது. கர்நாடக அரசுக்காகக் கன்னட கணக பரிஷத் உருவாக்கிய நுடியின் பழைய பதிப்புகளும் துண்டெழுத்து முறையில் அமைந்தவையே.

இந்தத் துண்டுகளை வைத்துப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளை 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்பே கடைசி. அடோபிக்கு அலுவலகம் உள்ள இதே ஊரில் கணினிப் பயிற்சிக்கூடப் பலகைகளில் பேஜ்மேக்கர் இன்னும் முதல் பாடம் என்பது வேடிக்கைதான். ஆனால் காரணமில்லாமல் இல்லை. பழைய கணினியிலும் ஓடும், கைக்குப் பழகியது, அதில் அமைத்த பக்கம் அச்சில் கண்ட மாதிரியே வரும்.

இந்த முறையைத் தாங்கி நிற்பவை கைக்குக் கை மாறும் குறிப்புகள். பத்தியின் மொழியை 'எதுவுமில்லை' என்று வை. இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல் என்று நினைத்து மென்பொருள் நடுவில் வெட்டும், கொம்பு மேல்வரியிலும் அதன் மெய் கீழ்வரியிலும் போய் உட்காரும். சாய்ந்த மேற்கோள் குறியைத் தானாகப் போடும் வசதியை அணை. சில எழுத்துருக்களில் அந்த இடத்தில் ஓர் எழுத்து இருக்கிறது. வேர்டில் அடித்து வருவதானால் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியை முதலில் நிறுத்து. மூன்றும் உருப்படியான குறிப்புகள். மறந்தால் ஒரு புத்தகமே கெடும். ஆனால் மூன்றும் சமாளிப்பது ஒரே பொய்யைத்தான்: உள்ளே இருப்பது ஆங்கிலம் என்று மென்பொருளை நம்பவைத்துவிட்டு, அது நம்பியபடி நடக்காமல் தடுக்கிறோம். எனக்கு இந்தக் குறிப்புகள்மேல் உள்ள பெரிய புகார், இவை பக்கத்தை மட்டுமே காப்பாற்றுகின்றன என்பது. பக்கத்துக்குள் இருக்கும் உரையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

கௌரி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கொம்பு, க, ள, ரி என்று அடித்தால் அச்சில் பிழையே தெரியாது. மெய்ப்பு பார்ப்பவரும் தாண்டிப் போய்விடுவார். இதே கோப்பை, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யுனிகோடுக்கு மாற்றினால் 'கெ'யும் 'ள'வும் தனித்தனியாக வந்து நிற்கும். கௌரி என்று தேடுபவருக்கு அந்தப் பெயர் கிடைக்கவே கிடைக்காது. மாற்றும் கருவியைக் குற்றம் சொல்ல முடியாது. தெளிவு, வெள்ளி போன்றவற்றிலும் அதே இரண்டு துண்டுகள் நியாயமாகவே வருகின்றன. எது மௌனம், எது தெளிவு என்று ஆள் உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டும். சொல்லின் நடுவே கையால் போட்ட இணைப்புக்கோடும் இப்படித்தான். பத்தி அகலம் மாறினால் வரி நடுவில் எலும்பு மாதிரி துருத்தும், மின்னூலிலும் அப்படியே தங்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், கோடு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரி முடிவில் மட்டும் தெரியும் கோடு விழும். பேஜ்மேக்கர், அதன் இடத்துக்கு அடோபி கொண்டுவந்த இன்டிசைன் இரண்டிலும் இதே விசைதான்.

எழுத்தாளர் கொடுத்த வேர்டு கோப்பு கையில் இருக்கிறதே, அதிலிருந்து மின்னூல் செய்துகொள்ளலாம் என்று பதிப்பாளர் நினைப்பார். இரண்டாம் மெய்ப்பிலும் மூன்றாம் மெய்ப்பிலும் செய்த திருத்தங்கள் அந்தக் கோப்பில் கிடையாது. அவை பேஜ்மேக்கர் கோப்புக்குள் மட்டும் இருக்கின்றன. திருத்தமான புத்தகம் அச்சில் ஒன்று, திருத்தமில்லாத புத்தகம் கிண்டிலில் ஒன்று என இரண்டு பதிப்புகள் உலவுவது இப்படித்தான்.

யுனிகோட் பக்கம் எல்லாம் சரியா என்றால், அதுவும் இல்லை. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற எட்டு பிட் குறியேற்ற முறைகளை ஏற்றது. 2010-இல் யுனிகோடையும் டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் ஏற்றது. அரசாணை வந்தும் மென்பொருள் உடனே பின்தொடரவில்லை. இன்டிசைன் இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியது 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான். இன்றும் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்; அதைப் பார்த்ததும் 'யுனிகோட் ஆகாது சார்' என்று பழைய எழுத்துருவுக்கே திரும்பியவர்கள் அநேகம். கோப்பு எதுவும் திறக்காத நிலையில் அடிப்படைப் பத்திநடையில் இதை மாற்றி, மொழியைத் தமிழ் என்று குறித்துவிட்டால் புதிதாகத் திறக்கும் கோப்புகளுக்கெல்லாம் அது பொருந்தும். காசு கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. 2024-இல் வெளியான அதன் 1.6 பதிப்பு தமிழைக் கோக்கிறது. பெரிய புத்தகங்களுக்கு இன்டிசைன் அளவுக்கு அது கைகொடுக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

எழுத்துருவில் பழைய முறைக்கே இன்னும் மேல்கை. பத்திரிகைத் தலைப்புக்கும் கல்யாண அட்டைக்கும் அங்கே கிடைக்கும் வளைவு நெளிவுகள் இலவச யுனிகோட் எழுத்துருக்களில் குறைவு. நோட்டோ செரிஃப், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவை விற்பனைக்கான அச்சு வேலைக்கும் தடையில்லாமல் பயன்படுபவை. என் கண்ணுக்கு இவற்றில் 300 பக்க நாவலை அலுக்காமல் படிக்கவைப்பது நோட்டோ செரிஃப் ஒன்றுதான்.

விசைப்பலகை ஒரு தடையே அல்ல, பெங்களூருவில் குறிப்பாக. கே.பி.ராவ் வகுத்த கன்னட அமைப்பில் பழகிய கைக்கு மெய்யை முதலில் தட்டி உயிரைப் பிறகு தட்டுவது இயல்பு. தமிழ்99 விசைப்பலகையும் அப்படியேதான் நடக்கிறது. இரண்டிலும் ஒற்றுக்கு எஃப் விசை. 'க'வை இருமுறை தட்டினால் முதல் 'க'வுக்குப் புள்ளியைத் தமிழ்99 தானே வைத்துக்கொள்ளும். தமிழ் எழுத்தே தெரியாத ஆபரேட்டருக்கு மட்டும் இது உதவாது. துண்டு துண்டாகப் பார்த்து அடிக்கும் வசதி அவர் கையைவிட்டுப் போகிறது.

பழைய கோப்புகளை மீட்க வழியுண்டு. இன்டிசைனில் சி.எஸ்.6 வரைதான் பேஜ்மேக்கர் கோப்பு திறக்கும். அது இல்லாதவர்கள் லிப்ரே ஆபிஸ் டிராவில் முயலலாம். வெளியே எடுத்த உரையை என்.எச்.எம். கன்வெர்ட்டரிலோ பொங்குதமிழிலோ யுனிகோடுக்கு மாற்றுமுன் அது எந்தக் குறியேற்றம் என்று பார்த்துவிட வேண்டும். டாப் முறையில் ஆங்கிலம் தனியிடத்தில் இருப்பதால் தப்பிக்கும். பாமினியில் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் கந்தலாகும். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் எழுத்துருவை வைத்துத் தேடி ஆங்கிலச் சொற்களை முதலில் அடையாளமிட்டுக்கொள்வது நல்லது. மாற்றிய பிறகு கொம்பையும் 'ள'வையும் சேர்த்துத் தேடி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பின்னால் புள்ளி வைத்த 'ள்' வந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

இத்தனையும் செய்ய நாள் பிடிக்கும், நாளுக்குக் கூலி வேண்டும். டி.டி.பி. தொழிலில் விலை பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. திருத்திய உரைக்கோப்பு என்று பில்லில் ஒரு வரி கிடையாது. பதிப்பாளர் கேட்பதுமில்லை, ஆபரேட்டர் தருவதுமில்லை. வேலையை ஒப்படைக்கும்போதே பி.டி.எஃப். மட்டும் போதாது, கடைசி மெய்ப்பு ஏறிய யுனிகோட் உரையும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அதற்குத் தனியே பணமும் வைத்தால், எந்தக் கடை யுனிகோடுக்கு மாறுவது என்ற கேள்வியைக் கடைக்காரரே கணக்குப் போட்டு முடித்துக்கொள்வார்.