70 வளைவுக்கு மேலே ஒரே பெட்டியில் கச்சேரி

காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு வரும் பொருள் எதுவானாலும் அங்கே ஆரம்பிக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித்தான் வர வேண்டும். ஆம்ப் ஒன்று, சிடி பிளேயர் ஒன்று, டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக்கும் டி.ஏ.சி. ஒன்று, பாட்டைச் சேமிக்க கம்ப்யூட்டர் ஒன்று என்று நாலு பெட்டியை வண்டியில் கட்டினால், எதில் கோளாறு என்று கண்டுபிடிப்பதற்கே ஆள் தேட வேண்டும். அதனால் மலைமேல் செம்மேட்டில் இருக்கும் வீட்டுக்கு நல்ல பாட்டு செட் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்ததுமே முடிவு செய்துவிட்டேன்: எல்லாம் ஒரே பெட்டியில்தான்.

தேடியதில் சிக்கியது தென்கொரியாவின் நோவாட்ரான் தயாரித்த காக்டெய்ல் ஆடியோ எக்ஸ்35. அடடா, என்ன பெட்டி! சிடியைச் செருகினால் பாட்டை உருவித் தன் டிஸ்கில் போட்டுக்கொள்கிறது. உள்ளே இஎஸ்எஸ் கம்பெனியின் சேபர் சில்லு வைத்த டி.ஏ.சி., ஒரு பக்கத்துக்கு 100 வாட் ஆம்ப், ரெக்கார்டு பிளேயர் மாட்ட ஃபோனோ இன்புட், எஃப்.எம். ரேடியோ, ஆல்பம் அட்டைகளைக் காட்ட முகத்தில் 7 அங்குலத் திரை. ஸ்பீக்கர் ஒயரை முறுக்கி, பிளக்கைச் செருகினால் வேலை முடிந்தது. நாமக்கல்லில் இருந்து எந்த மெக்கானிக்கும் வரவில்லை!

‘எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்கே, இப்ப யாருங்க சிடி வாங்குறாங்க?’ என்று கீழே இருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அவர்கள் இங்கே தங்கிப் பார்க்க வேண்டும். மின்னல் நாலு வெட்டு வெட்டினால் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். நிரவல் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் போன் திரையில் வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். பாட்டுப் பாட என் பெட்டிக்கு நெட் தயவே வேண்டாம். இன்வெர்ட்டரில் ஓடுகிறது. ஒரு விஷயம், சைன் வேவ் இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைவு என்று ஸ்கொயர் வேவ் வாங்கினால் தம்பூராவோடு போட்டி போட்டு ஸ்பீக்கரும் இரையும்.

மற்றவற்றையும் பார்க்காமல் இல்லை. போர்ச்சுகலின் இன்னுவோஸ், இங்கிலாந்தின் நைம் யூனிட்டி கோர், கனடாவின் புளூசவுண்ட் வால்ட் எல்லாமே சிடியை ரிப் பண்ணிச் சேமிப்பதில் கெட்டி. ஆனால் நான் பார்த்த எதிலும் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப் கிடையாது. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் வால்யூமியோ மென்பொருளைப் போட்டுச் சிக்கனமாக முடிக்கலாம், கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது அருமையான வழி. ரூன் என்ற பாட்டு மென்பொருள் மீது பலருக்குப் பக்தியே உண்டு. ஆனால் 2022-ல் ரூன் 2.0 வந்தபோது, நெட் இல்லாவிட்டால் வீட்டு டிஸ்கில் இருக்கும் பாட்டுகூடப் பாடாது என்றார்கள். கூச்சல் கிளம்பிய பிறகு மாற்றினார்கள் என்றாலும், மலையில் இருப்பவனுக்கு அந்தச் சேதி ஒன்று போதும்.

டிஸ்க் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு சிடி ஏறக்குறைய 700 எம்.பி.; ஃபிளாக் ஃபைலாகப் போட்டால் சுமார் பாதியாகச் சுருங்கும், ஒலியில் ஒரு துளிகூடக் குறையாது. 1 டி.பி.யில் 2,500 சிடி அளவுக்கு அடங்கும். எஸ்.எஸ்.டி.யே போடுங்கள். கீழே டவுனில் ஹார்டு டிஸ்கின் கரகரப்பு பஸ் சத்தத்தில் காணாமல் போகும். இங்கே ராத்திரி பலாமரத்தில் இலை உதிர்ந்தாலே கேட்கும்.

பெட்டி எதுவானாலும் கடையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. கச்சேரி சிடிகளில் ராகம், தானம், பல்லவியைத் தனித்தனி டிராக்காக வெட்டியிருப்பார்கள். வயலின் ராகத்தை முடித்துத் தானத்துக்குள் நழுவும் இடத்தில் பெட்டி அரை விநாடி மூச்சு விட்டால் போதும், மொத்த மயக்கமும் போச்சு. சினிமாப் பாட்டில் இந்தக் குறை தெரியவே தெரியாது, கச்சேரி சிடி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். என் பெட்டி ஒட்டுத் தெரியாமல் கடந்து போகிறது. முதல் தடவை கேட்டபோது தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

ஒலியைப் பற்றி என்ன சொல்வது! இளையராஜா 1986-ல் தியாகராஜருக்கும் மேலைநாட்டு இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாகச் செய்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை ஓடவிட்டேன். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் வலது சுவரை விட்டு முன்னால் வந்து நிற்கிறது. வில் தந்தியில் ஏறும்போது வரும் அந்த மெல்லிய உராய்வுகூடத் தனியாகக் காதில் விழுகிறது. கேசட்டில் தேயத் தேயக் கேட்ட இசைக்குள் இத்தனை பேர் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மிளகு காயப்போட வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

‘ஏனுங்க, ரேடியோவுங்களா?’

‘இல்லீங்கண்ணா, உள்ளே வாங்க. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, போடறேன்.’

‘நாயனம் இருக்குங்களா?’

மலைக்குக் கீழே ராசிபுரம் பக்கத்து நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனை விட்டு வேறு யாரைப் போடுவது! முதல் ஊதலில் கூடம் கோயில் பிராகாரம் ஆனது. தவில் சொல் ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து விழ, அண்ணன் மிளகை மறந்தார், டீ ஆறியது. இதே மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் புறநானூற்றில் ஒரு சங்கதி சொல்கிறார்: அவன் கொடுத்ததை உண்டு களித்த பாணர் கூட்டம் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்தே போனதாம். என் வீட்டில் நிலைமை தலைகீழ்.

ஒரே எரிச்சல், பாட்டுக்குப் பெயர் ஒட்டும் வேலை. எந்தப் பெட்டி வாங்கினாலும் நம் ஊர் சிடிகளுக்கு இது உண்டு. இளையராஜாவை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாக எழுதி, ஒரே மனிதரைப் பல கலைஞர்களாக்கிவிடுகிறது இணையத் தகவல் கிடங்கு. கச்சேரி சிடியில் ராகத்தின் பெயருக்கு இடமே இல்லை. உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். நான் ராகத்தின் பெயரைப் பாட்டின் பெயரோடு சேர்த்தே எழுதிவிடுகிறேன்; ‘தோடி’ என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கின்றன.

ஒரே பெட்டி என்றால் ஒரே ஆபத்து என்பதும் உண்மைதான்: ஒன்று படுத்தால் எல்லாமே படுத்துவிடும். அதற்காகப் பாட்டு முழுவதையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இடி இடித்தால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது; அது ஓய்ந்த பிறகுதான் இன்வெர்ட்டரில் கச்சேரி.

இப்போது அடுத்த வெறி பிடித்திருக்கிறது. ஃபோனோ இன்புட்டில் ரெக்கார்டு பிளேயரை மாட்டினால் இசைத்தட்டில் ஓடுவதையும் இந்தப் பெட்டி டிஸ்கில் பதிந்துகொள்கிறது! மலையின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் முன் அப்பாவின் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய தட்டு வைத்திருப்பவர்கள் சோளக்காட்டுச் சந்தைக்கு வரும்போது கொண்டு வாருங்கள், உங்களுக்கும் ஏற்றித் தருகிறேன்.